அப்பாவாகப் போகிறவரின் தட்டில் உள்ள வைட்டமின்கள்: மரபணுவும் விந்தணுவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி ஓராண்டு கடந்ததும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு பெண்ணை நோக்கித்தான் வருகிறது. சத்து மாத்திரையும் அவளுக்குத்தான், சோதனையும் முதலில் அவளுக்குத்தான். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. இதை அறிந்த ஆண்கள் அடுத்துச் செய்வது, இணையத்தில் பார்த்த வைட்டமின் டப்பா ஒன்றை வாங்கி விழுங்குவது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

வைட்டமின் என்பது சத்து. அது எப்படி மரபணுவைத் தொடும்?

இரண்டு வழிகளில் தொடுகிறது.

முதலாவது நேர்வழி. வைட்டமின் ஏ, டி இரண்டும் உடலுக்குள் போய் ஹார்மோன் போன்ற பொருள்களாக மாறுகின்றன. செல்லின் உட்கருவுக்குள் இவற்றைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் என்ற புரதங்கள் காத்திருக்கின்றன. வைட்டமின் வந்து சேர்ந்ததும் அந்த ஏற்பி டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் மரபணுவை இயக்குகிறது அல்லது அடக்குகிறது.

இரண்டாவது சுற்றுவழி. ஃபோலேட், பி12, பி6 ஆகியவை மெத்தில் எனப்படும் சிறு வேதித்தொகுதியைச் செல்லுக்குத் தயாரித்துக் கொடுக்கின்றன. டி.என்.ஏ.வின் மேல் அந்த மெத்தில் ஒட்டினால் அந்த இடத்து மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். 'க' என்ற எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கும், உயிரோசை மட்டும் அடங்கிவிடும் அல்லவா? மெத்தில் செய்வதும் அதுவே. வைட்டமின் சி இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. வைத்த புள்ளியை எடுக்கும் நொதிகள் வேலை செய்ய அது வேண்டும்.

வைட்டமின்கள் சி, ஈ ஆகியவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீவிர வேதிப்பொருள்கள் டி.என்.ஏ.வை உடைக்காமல் காப்பது அது. மரபணுவின் இயக்கத்தை மாற்றுவது ஒன்று, மரபணு இழை உடையாமல் பார்த்துக்கொள்வது வேறொன்று. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசும். நாம் பிரித்தே பார்க்க வேண்டும்.

விந்தணு உருவாவதில் எந்த வைட்டமினின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது?

சந்தேகமே இல்லாமல் வைட்டமின் ஏ.

1925-இல் உல்பாக், ஹோவ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வைட்டமின் ஏ இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கண்ணும் தோலும் கெட்டதோடு விரைகளும் சுருங்கின. பிறகு வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. ஏ இல்லாத ஆண் எலியின் விரையில் விந்துத் தாய்ச் செல்கள் சாவதில்லை. அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. வைட்டமினைத் திரும்பக் கொடுத்தால் நின்ற இடத்திலிருந்து எல்லாம் ஒன்றாகப் புறப்படுகின்றன.

விரைக்குள் இருக்கும் செர்டோலி செல்கள் இரத்தத்தில் வரும் ரெட்டினாலை (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் ஏற்பியோடு சேர்ந்து, ஸ்ட்ரா8 என்ற மரபணுவை எழுப்புகிறது. செல் தன் குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவுக்குள் நுழைய இந்த மரபணு விழித்தாக வேண்டும். சுண்டெலியின் விரையில் ரெட்டினாயிக் அமிலம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 8.6 நாளுக்கு ஒருமுறை அலை போல ஏறி இறங்குகிறது. விந்தணு நாள் தவறாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் தாளம் போடுகிறது.

மனிதரிலும் இந்தப் பாதை உண்டு என்பதற்கு வலுவான சான்று, அதை அடைத்துப் பார்த்ததில் கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் வின் 18,446 என்ற மருந்தை அமெரிக்கச் சிறைக்கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். (கைதிகளிடம் மருந்து சோதிக்கும் அந்தக் காலத்து வழக்கத்தை இன்று எந்த அறக்குழுவும் அனுமதிக்காது.) விந்தணுக்கள் ஏறத்தாழ மறைந்தன. மருந்தை நிறுத்தியதும் திரும்பி வந்தன. ஆனால் மது குடித்தவர்களுக்குக் கடும் வாந்தியும் படபடப்பும் வந்ததால் ஆய்வு கைவிடப்பட்டது. விரையில் ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கும் நொதியைத்தான் அந்த மருந்து முடக்கியது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே விளங்கியது. மதுவை உடைக்கும் நொதியும் அதே குடும்பம்.

இப்போது நொதியை விட்டுவிட்டு ஏற்பியை அடைக்கும் ஒய்.சி.டி.-529 என்ற ஹார்மோன் இல்லாத ஆண் கருத்தடை மாத்திரை சோதனையில் இருக்கிறது. 16 ஆண்களிடம் செய்த முதல் கட்டப் பாதுகாப்புச் சோதனையின் முடிவு 2025-இல் வெளியானது. கடுமையான பக்கவிளைவு தென்படவில்லை. பலன் தருமா என்பதை அடுத்த கட்டங்கள்தான் காட்டும்.

அப்படியானால் வைட்டமின் ஏ மாத்திரை போட்டால் விந்தணு எண்ணிக்கை (கவுண்ட்) ஏறுமா?

ஏறாது. உடலில் ஏ போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுப்பதால் விரை வேகமாக ஓடுவதில்லை. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், சிறுநீரில் போய்விடாது, கல்லீரலில் சேரும். ரெட்டினாலாக நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டிப் பழக்கமாக எடுத்துக்கொண்டால் கல்லீரல் கெடக்கூடும். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டினுக்கு அந்த ஆபத்து இல்லை. உடல் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும்.

ஃபோலேட் கர்ப்பிணிகளுக்கு உரியது என்றல்லவா நினைத்தோம்? ஆணுக்கு எதற்கு?

கருவின் நரம்புக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும் என்பதால் அது பெண்களின் மாத்திரை என்று பெயர் வாங்கிவிட்டது. ஆண் உடலில் நடப்பதைப் பாருங்கள். ஆரோக்கியமான ஆணிடம் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொரு செல் பிரிவிலும் டி.என்.ஏ.வை நகலெடுக்க ஃபோலேட் வேண்டும். நகலெடுத்த புது இழையில் பழைய புள்ளிகளைத் திரும்ப வைக்க மெத்தில் வேண்டும். இவ்வளவு பிரிவுகள் நடக்கும் இடத்தில் ஃபோலேட் குறைந்தால் புள்ளி இடம் மாறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சாரா கிம்மின்ஸின் குழு 2013-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவார்கள். ஆண் எலிகளுக்குக் கருவிலிருந்தே ஃபோலேட் குறைந்த உணவு. அவற்றோடு சேர்ந்த பெண் எலிகளுக்கோ சாதாரண உணவு. அப்படியிருந்தும் பிறந்த குட்டிகளில் தலை, முகம், எலும்பு சார்ந்த பிறவிக் குறைபாடுகள் கூடுதலாகத் தெரிந்தன. அந்த ஆண் எலிகளின் விந்தணுவில், வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணுக்களின் மேலிருந்த மெத்தில் அடையாளங்கள் மாறியிருந்தன. கிம்மின்ஸ் குழுவினர் 2021-இல் இன்னொரு படி போனார்கள். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் மேலுள்ள அடையாளங்களும் உணவால் மாறுகின்றன, அவற்றில் சில கரு வரைக்கும் போய்ச் சேருகின்றன என்று காட்டினார்கள்.

விந்தணு உருவாகும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி கழற்றப்பட்டு, புரோட்டமீன் என்ற இன்னொரு புரதம் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டுகிறது. எஞ்சும் சிறு பங்கு ஹிஸ்டோன் வெறுமனே மிச்சம் விழுந்ததாகத் தெரியவில்லை. கருவின் ஆரம்ப வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களின் அருகில் அது தங்கியிருக்கிறது. அதன் மேல் உணவு கைவைக்க முடியும் என்பதுதான் மேற்சொன்ன ஆய்வின் முக்கியத்துவம்.

எலிக்குச் சரி. மனிதனில் தந்தையின் சாப்பாடு குழந்தையைப் பாதிக்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டதா?

இல்லை. எலிகளில் நடப்பதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. கருவுற்ற சில நாள்களுக்குள் தந்தை வழி வந்த மெத்தில் புள்ளிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகின்றன. தப்பி நிற்பவை சிலவே. பெற்றோரில் ஒருவரின் பிரதி மட்டும் இயங்கும் ஐ.ஜி.எஃப்.2, எச்19 போன்ற முத்திரை மரபணுக்கள் அவற்றில் முக்கியமானவை. ஏதோ ஒரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தந்தை குற்ற உணர்ச்சியில் புழுங்க வேண்டாம். இங்கே பேசுவது மாதக்கணக்கில் நீளும் பற்றாக்குறையைப் பற்றி.

சரி, ஃபோலிக் அமிலம் 5 மி.கி. மாத்திரை தினமும் போடலாமா?

மருத்துவர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தாலன்றி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020 ஜனவரியில் வெளிவந்தது. ஆண்களில் பாதிப் பேருக்கு 6 மாதம் தினமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் 30 மி.கி. துத்தநாகமும். மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. உயிருடன் குழந்தை பிறந்தது முதல் குழுவில் 34 சதவீதம், இரண்டாவது குழுவில் 35 சதவீதம். விந்தணு எண்ணிக்கை, அசைவு எதுவும் மேம்படவில்லை. டி.என்.ஏ. உடைந்த விந்தணுக்களின் பங்கு மாத்திரை போட்டவர்களிடம்தான் சற்றுக் கூடுதல்: 29.7 சதவீதம், மற்றவர்களிடம் 27.2. வயிற்று உபாதைகளும் அவர்களுக்கே அதிகம்.

மற்றது 2015-இல் கனடாவில் வந்தது. காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள ஆண்களுக்கு 6 மாதம் தினமும் 5 மி.கி. கொடுத்து, விந்தணுவின் மெத்தில் அளவை முன்னும் பின்னும் பார்த்தார்கள். கூடும் என்று எதிர்பார்த்தது குறைந்திருந்தது. ஃபோலேட்டைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் நொதிக்கான எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஆண்களிடம் அந்த இழப்பு இன்னும் அதிகம். குறைவும் புள்ளியைக் கலைக்கிறது, அளவு மீறினாலும் கலைகிறது.

இந்திய ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் ஃபோலேட் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. 5 மி.கி. என்பது 5,000 மைக்ரோகிராம்.

எம்.டி.எச்.எஃப்.ஆர். சோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்களே?

அந்த மாறுபாடு உலகில் மிகப் பரவலானது. இருக்கிறது என்று தெரிந்தாலும் சிகிச்சையில் பெரும்பாலும் எதுவும் மாறாது. அந்தப் பணத்தை விந்துப் பரிசோதனைக்கும் பி12 பரிசோதனைக்கும் செலவிடுங்கள்.

நாங்கள் சைவம். பி12 பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ஆம், இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் கவலைப்படச் சொல்வதென்றால் இதற்குத்தான் சொல்வேன்.

பி12 தாவரங்களில் கிடையாது. பால், தயிர், மோர், முட்டை, மீன், ஈரல், இறைச்சி இவற்றில்தான் உண்டு. இட்லி மாவு புளிப்பதால் வேண்டிய பி12 கிடைத்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. பாலும் குறைவாகக் குடிக்கும் சைவக் குடும்பங்களில் பற்றாக்குறை சாதாரணம். சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கும், அமிலம் குறைக்கும் வயிற்று மாத்திரையை நிறுத்தாமல் போடுபவர்களுக்கும் அசைவம் சாப்பிட்டாலும் பி12 குறையலாம்.

பி12 இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபோலேட்டும் பயன்படாமல் ஒரே வடிவத்தில் சிக்கிக்கொள்ளும். கீரை எவ்வளவு சாப்பிட்டாலும் மெத்தில் தயாராகாது. இந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் மட்டும் மறைவாகத் தொடரும். ஆகவே ஃபோலிக் மாத்திரைக்கு முன்னால் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. குறைவு உறுதியானால் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் தருவார். செலவும் சிரமமும் குறைந்த சிகிச்சை அது.

வைட்டமின் சி?

இரத்தத்தில் உள்ளதைப் போலப் பல மடங்கு சி விந்து நீரில் இருக்கிறது. உடல் காரணமில்லாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. 1991-இல் புரூஸ் ஏம்ஸ் குழுவினர் ஆரோக்கியமான சில ஆண்களின் உணவில் சியை 250 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமுக்குக் குறைத்தார்கள். சில வாரங்களில் விந்து நீரில் சி பாதியானது. விந்தணு டி.என்.ஏ.வில் ஆக்சிஜன் சேதம் ஏறத்தாழ இரு மடங்கானது. சியைத் திரும்பக் கொடுத்ததும் சேதம் குறைந்தது.

மெத்தில் புள்ளிகளை எடுக்கும் டெட் என்ற நொதிகளுக்குச் சி துணை நிற்கிறது என்பது 2013 வாக்கில்தான் துலங்கியது. பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அந்த மரபணு பழுதாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் சாப்பாட்டை நம்பித்தான் இருக்கிறோம்.

நாளொன்றுக்கு 80 மி.கி. போதும். ஒரு கொய்யாப்பழத்திலேயே அது கிடைத்துவிடும், பெரிய நெல்லிக்காயிலும் நிறைய உண்டு. புகைப்பவர்களுக்கு மட்டும் தேவை கூடுதல், ஏனென்றால் புகை சியைத் தின்றுவிடுகிறது. சிகரெட்டை விட்டுவிட்டால் விந்தணுவுக்குச் சியைவிட அதுவே பெரிய உதவி.

ஈ வைட்டமின் ஆண்மைக்கு நல்லது என்பார்களே?

1922-இல் கலிஃபோர்னியாவில் எவன்ஸ், பிஷப் இருவரும் எலிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தபோதுதான் இந்த வைட்டமின் கண்டுபிடிக்கப்பட்டது. இனப்பெருக்கத்துக்கான வைட்டமின் என்ற அந்தப் பெயர்தான் நூறாண்டாக விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் புழங்கும் வீட்டில் ஈ பற்றாக்குறை அரிது. அதிக அளவு மாத்திரை ஆபத்தில்லாததும் அல்ல. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், தினமும் 400 யூனிட் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்த முடிவு 2011-இல் வெளியானது.

வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதுதான் காரணமா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். டி-க்கான ஏற்பி விரையிலும் விந்தணுவிலும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களை அது இயக்குகிறது. வைட்டமின் ஏ-யின் ஏற்பியும் டி-யின் ஏற்பியும் வேலை செய்ய ஒரே துணைப் புரதத்தைத்தான் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே தொடர்பு இருக்க நியாயம் உண்டு.

ஆனால் கோபன்ஹேகனில் டி குறைவாக இருந்த 300-க்கும் மேற்பட்ட குழந்தையில்லா ஆண்களுக்கு டி-யும் கால்சியமும் 150 நாள் கொடுத்துப் பார்த்ததில் விந்தின் தரம் மொத்தத்தில் மேம்படவில்லை. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்திருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் குழந்தை பிறப்பது கூடியது போலத் தெரிந்தது. அதை இன்னொரு ஆய்வு உறுதி செய்தால்தான் நம்பலாம். குறைவு இருந்தால் எலும்புக்காகவேனும் அதைச் சரிசெய்யுங்கள். விந்தணுவுக்கு அது மருந்து என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

மருந்துக்கடையில் பத்துப் பன்னிரண்டு சத்துகள் சேர்ந்த மாத்திரை விற்கிறது. மருத்துவரே எழுதித் தருகிறாரே?

எழுதித் தருவது பரவலாக நடக்கிறது. ஆதாரம் மெலிவு. சி, ஈ, செலினியம், கார்னிடின், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைக்கோபீன் ஏழும் சேர்ந்த மாத்திரையை 170-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளியானது. விந்தணுவும் தேறவில்லை, டி.என்.ஏ. உடைவும் குறையவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல், கருவள மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதலும் இத்தகைய மாத்திரைகளின் பலன் ஐயத்துக்குரியது என்றே நோயாளிக்கு எடுத்துச் சொல்லச் சொல்கிறது. சிறுசிறு ஆய்வுகள் சில பலன் காட்டியிருப்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மாதிரியான ஆணுக்கு, எந்த அளவில் என்பது பிரித்தறியப்படவில்லை.

எனக்கு வருத்தம் தருவது மாத்திரையின் விலையைவிட அதில் போகும் காலம். மனைவிக்கு வயது 34, 35 என்றால் ஆறு மாதம் சின்ன விஷயம் அல்ல.

உணவை மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்?

மூன்று மாதம். தாய்ச் செல்லிலிருந்து விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். வெளியே வரும் குழாயில் முதிர மேலும் ஒன்றிரண்டு வாரம். பத்து நாளில் கவுண்ட் ஏறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரை இல்லாமலே இந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும்.

அன்றாடச் சாப்பாட்டில் எதைக் கவனிக்கலாம்?

வாரத்தில் நான்கைந்து நாள் ஏதாவது ஒரு கீரை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஃபோலேட்டில் பெரும்பங்கு அதோடு போய்விடும், ஆகவே கடைசலாகவோ கூட்டாகவோ செய்யுங்கள். கரோட்டின் உடலில் சேர எண்ணெய் வேண்டும், தாளிப்பு அதற்குப் போதும். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து எல்லாமே நல்ல ஃபோலேட். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மலிவு, பி12, டி இரண்டும் அதில் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்காதீர்கள். ஈரல் மாதத்தில் ஒன்றிரண்டு முறை போதும்.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் உதவுமா?

நேர் எதிர். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் விரையைத் தூண்டும் மூளை ஹார்மோன்கள் நின்றுவிடும், விந்தணு உற்பத்தி அடியோடு நிற்கக்கூடும். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதங்கள் ஆகும். குழந்தை வேண்டுபவர் இதைத் தொடவே கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரை எப்போது பார்ப்பது? என்ன சோதனை?

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் ஒன்றாகப் போங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. ஆணுக்கு முதல் சோதனை விந்துப் பரிசோதனைதான். வலியில்லாதது, செலவு குறைந்தது, பெண்ணுக்குச் செய்யும் எந்தச் சோதனையையும்விட எளிது. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுவைக் கீழ் எல்லையாகக் குறிப்பிடுகிறது. அதற்குக் கீழே வந்தாலே குழந்தை பிறக்காது என்று பொருளில்லை. ஒருமுறை குறைவாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்து தேறியிருந்தால் மூன்று மாதம் விட்டுப் பாருங்கள்.

விரைப்பை இரத்தநாளப் புடைப்பு (வேரிகோசில்), ஹார்மோன் கோளாறு, தொற்று ஆகியவற்றை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், எந்த வைட்டமினும் அவற்றைத் தீர்க்காது. போகும்போது முந்தைய ரிப்போர்ட்டுகளோடு, இப்போது போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை டப்பாக்களையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் சேர்த்துப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.